தோட்டத்தில் ஓடிய ரயில் வயலுக்கு வந்ததா?

வாழைத்தார் வெட்டும் நாளில் வெட்டுவது சிறிய வேலை. வெட்டிய தாரைத் தோளில் ஏற்றி, சேற்றில் கால் புதையாமல் வரப்பு வழியே நடந்து, ரோட்டில் நிற்கும் வண்டியில் அடுக்குவதுதான் பெரிய வேலை. கரும்புக்கும் இதே கதைதான். மழை பெய்துவிட்டால் டிராக்டர் வயலுக்குள் இறங்காது. இறங்கினால் எளிதில் ஏறாது. சந்தை வரை போகும் லாரி வாடகையை விவசாயி முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார். வயலிலிருந்து லாரி வரை ஆகும் சுமைகூலிதான் கடைசியில் கணக்கை இடிக்கும்.

இந்தச் சிக்கல் எல்லா நாட்டு விவசாயிகளுக்கும் இருந்தது. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே குட்டி ரயில் ஒன்றை ஓட்டி, இதற்கு விடை சொல்ல முயன்றார். அவர் பெயர் ஆர்தர் ஹேவுட். தோட்டத்து ரயிலைப் பற்றிப் பேசுகிற எவரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் தோட்டத்தில் வென்றதும், வயலில் வெல்லாமல் போனதும் சேர்ந்து ஒரு நல்ல பாடம் சொல்கின்றன.

நாலு அங்குலத்தில் தொடங்கியது

ஹேவுட் 1849-இல் பிறந்தவர். வசதியான குடும்பம். சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பட்டறையில் கடைசல் வேலை பழகி, தண்டவாளங்களுக்கு இடையே 4 அங்குலம் அகலம் வைத்து ஒரு மாதிரி ரயில் செய்தார். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் யாரும் ஏறிப் போக முடியாது. தம்பி தங்கைகள் ஏறிச் செல்லட்டும் என்று அடுத்து 9 அங்குல அகலத்தில் ஒரு பாதை போட்டார். அதில் ஏற முடிந்தது. ஆனால் உட்கார்ந்தவர் சற்றுச் சாய்ந்தாலே வண்டியும் சாய்ந்தது.

இந்த இரண்டு விளையாட்டுகளும் அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தன. ஆளும் சரக்கும் கவிழாமல் போவதற்கு, தண்டவாள இடைவெளி குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? அவர் கண்ட விடை 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இதைவிடக் குறுகினால் வண்டி நிலைக்காது, இதைவிட அகலமானால் செலவு கூடும் என்பது அவர் கணக்கு. அதனால்தான் தன் முறைக்கு 'மிகக் குறைந்த அகல ரயில்பாதை' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்துத் திருமணமும் ஆன பிறகு, டெர்பி நகருக்கு அருகில் டஃபீல்ட் என்ற ஊரில் குடியேறினார். வீடு மலைச்சரிவில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ரயில் விடுவதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஹேவுட் 1874-இல் அங்கேயே வேலையைத் தொடங்கினார். சரிவில் ஓடினால் சமதரையில் கேட்க வேண்டியதே இல்லை.

சரிவும் வளைவும்

அவருடைய பாதையில் ஏற்றம் 10 அடிக்கு 1 அடி முதல் 12 அடிக்கு 1 அடி வரை இருந்தது. இது எவ்வளவு செங்குத்து என்பது நம் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயிலை நினைத்துப் பார்த்தால் புரியும். அங்கே மிகக் கடுமையான ஏற்றம் 12.28-க்கு 1. அந்த ஏற்றத்துக்காகத் தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். ஹேவுட்டின் குட்டி எஞ்சின் பல்சட்டம் இல்லாமல், சக்கரத்தின் பிடிப்பை மட்டுமே நம்பி ஏறியது. வளைவுகளும் அப்படித்தான். சில இடங்களில் வளைவின் ஆரம் வெறும் 25 அடி. மாட்டு வண்டி திரும்புகிற இடத்தில் ஒரு ரயில் திரும்பியது.

ஒரே தடவையில் இது கைகூடவில்லை. 1875-இல் அவர் செய்த முதல் எஞ்சினுக்கு நான்கு சக்கரங்கள். அதன் பெயர் எஃபி. 1881-இல் ஆறு சக்கரங்கள் கொண்ட எல்லா வந்தது. 1894-இல் எட்டுச் சக்கரங்களோடு மியூரியல் வந்தது. சக்கரம் கூடியதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் கனமாக இருந்தால்தான் இழுக்கும். ஆனால் பாரம் இரண்டு அச்சில் மட்டும் இறங்கினால் மெல்லிய தண்டவாளம் வளையும். அதே பாரத்தை நான்கு அச்சுகளில் பகிர்ந்துவிட்டால் தண்டவாளமும் தாங்கும், பிடிப்பும் குறையாது. சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டருக்குக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோமே, அதே நியாயம்தான்.

அச்சு கூடியதும் அடுத்த சிக்கல் வந்தது. நீளமான எஞ்சின் 25 அடி ஆரத்தில் திரும்பாது. முன் பின் சக்கரங்கள் வளைவுக்கு ஏற்பச் சற்று அசைந்து கொடுக்கும்படி ஒரு அச்சு அமைப்பை ஹேவுட் உருவாக்கினார். கொதிகலனிலும் மாற்றம் செய்தார். சக்கரங்களுக்கு நடுவே ஆழமான அடுப்பு வைக்க இடமில்லை. எனவே உருளை வடிவக் கொதிகலனுக்குள்ளேயே நெருப்பு எரியும்படி அமைத்தார். சிறு நீராவிப் படகுகளில் பயன்பட்ட வகை அது.

தண்டவாளத்துக்கு அடியில் தொடக்கத்தில் இருந்தவை மரக்கட்டைகள். ஈர மண்ணில் மரம் எத்தனை நாள் தாங்கும் என்பது வேலிக்கால் நட்ட எல்லோருக்கும் தெரியும். பிற்பாடு அவர் வார்ப்பிரும்புக் கட்டைகளுக்கு மாறினார். தொடக்கச் செலவு கூடினாலும் திரும்பத் திரும்பப் பிடுங்கி மாற்றும் வேலை ஒழிந்தது.

சுருங்கச் சொன்னால், அந்தத் தோட்டம் அவருக்கு ஒரு சோதனைத் திடல். ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்து, குறையைக் குறித்துக்கொண்டு, அடுத்த போகத்தில் திருத்துவது போல, சுமார் இருபது ஆண்டுகள் ஒரே சரிவில் ஒரே பாதையைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

பார்த்தவர் பலர், வாங்கியவர் ஒருவர்

திருத்தியதைப் பூட்டி வைக்கவும் இல்லை. 1881-இல் இங்கிலாந்தின் அரச வேளாண் கழகம் நடத்தும் பெரிய கண்காட்சி டெர்பியில் நடந்தது. அதே ஆண்டில் தன் முறையை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதைத் திருத்தி 1894-இலும் 1898-இலும் மறுபடி பதிப்பித்தார். தோட்டத்துப் பாதையில் சரக்கு வண்டிகளோடு, உட்கார்ந்து சாப்பிடும் பெட்டி, படுத்துத் தூங்கும் பெட்டிகூட ஓடின. 38 சென்டிமீட்டர் அகலத்தில் எதுவும் முடியும் என்று காட்டுவதே நோக்கம். படைத் தளவாடங்களைக் கொண்டுபோக இது உதவும் என்று நம்பினார். போர்த்துறை இந்த அளவை எடுத்துக்கொள்ளவில்லை. பண்ணைகளும் பெரிய நிலக்கிழார்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்.

வந்தவர்கள் பார்த்தார்கள், வியந்தார்கள், ஏறிச் சுற்றினார்கள், திரும்பிப் போனார்கள். முழுமையாக அவரை நம்பிப் பாதை போடச் சொன்ன நிலக்கிழார் ஒருவர்தான். செஷயர் பகுதியில் ஈட்டன் ஹால் என்ற மாளிகையை வைத்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு அவர். பால்டர்டன் ரயில் நிலையத்திலிருந்து அந்த மாளிகைக்கு சுமார் 5 கிலோமீட்டர். அந்தப் பாதையை 1896-இல் ஹேவுட் முடித்துக் கொடுத்தார். நிலக்கரி, செங்கல், சாலைக் கற்கள் எல்லாம் அதில் வந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது உழைத்தது. வேலை சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டாவது வாடிக்கையாளர் வரவில்லை.

நல்ல தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. செய்தும் காட்டியாயிற்று. பிறகு ஏன் பரவவில்லை? இந்தக் கேள்வி ரயிலுக்கு மட்டும் உரியதில்லை. செயல்விளக்கத் திடலில் செழித்துப் பிறகு ஊருக்குள் வராமலே போன எத்தனையோ கருவிகளுக்கும் இரகங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பீட்ரூட் வயலில் கிடைத்த விடை

விடை பக்கத்து நாட்டில் இருக்கிறது. ஹேவுட் டஃபீல்டில் வேலை தொடங்கி ஓராண்டு கழித்து, 1875-இல், பிரான்சில் பாரிஸ் நகருக்கு அருகே பெத்தி-பூர் என்ற இடத்தில் பால் டெக்கோவில் என்ற பண்ணைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வயல் முழுக்க சர்க்கரை பீட்ரூட். மழையில் நிலம் ஊறிக் கிடந்தது. உள்ளே இறங்கிய வண்டிகள் அச்சு வரை புதைந்தன. கிழங்கை வெளியே எடுக்காவிட்டால் அந்த ஆண்டு உழைப்பு மண்ணிலேயே அழுகிவிடும்.

அவருடைய பண்ணையோடு சேர்ந்து ஒரு பட்டறை இருந்தது. அங்கே இரண்டு மெல்லிய தண்டவாளங்களைக் குறுக்குச் சட்டங்களோடு பிணைத்து, ஏணி போல் துண்டு துண்டாகச் செய்தார். அகலம் 40 சென்டிமீட்டர்தான். ஒரு துண்டை ஆட்களே தூக்கிச் சென்று மண் மேல் வைக்கலாம். அடுத்த துண்டை அதோடு கோக்கலாம். அந்தப் பக்கம் கிழங்கு எடுத்து முடிந்ததும் கழற்றி இந்தப் பக்கம் போடலாம். பொறியாளர் வேண்டாம். நிலத்தைச் சமப்படுத்தக் காத்திருக்கவும் வேண்டாம். சரக்குப் பெட்டியை ஆளோ குதிரையோ தள்ளினால், இழுத்தால் போதும்.

அந்த ஏணித் தண்டவாளம் கரும்புத் தோட்டம், செங்கல் சூளை, சுரங்கம் என்று உலகம் முழுக்கப் போனது. 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 60 சென்டிமீட்டர் அகலத்தில் அவர் போட்ட ரயிலில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தார்கள்.

இருவர் அளவுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் 38 சென்டிமீட்டர், மற்றவர் முதலில் 40. பொறியியல் நுட்பத்தில் ஹேவுட்டின் பாதை ஒரு படி மேல். ஆனால் அது போட்ட இடத்தில் நிலையாக இருக்கும் பாதை. நில அளவை வேண்டும், மண் வேலை வேண்டும், அதற்கென்றே செய்த எஞ்சின் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். இவ்வளவும் ஒரு பிரபுவின் மாளிகைக்குக் கட்டுப்படியாகும். டெக்கோவிலின் பாதை வயலின் அவசரத்துக்குள் பிறந்தது. அறுவடை பத்து நாள் என்றால் அதுவும் பத்து நாள் இருந்துவிட்டு நகர்ந்துவிடும். விவசாயி வாங்கியது சிறந்த பாதையை என்பதைவிட, தன்னால் தூக்கிப் போட முடிந்த பாதையை என்று சொல்வதே சரி.

உருளைக்கிழங்கும் தேயிலையும்

ஹேவுட் 1916-இல் காலமானார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் படை பிரான்சின் போர்முனையில் 60 சென்டிமீட்டர் அகல லேசான ரயில்பாதைகளைப் பெரிய அளவில் போட ஆரம்பித்தது. போர் முடிந்ததும் அந்தத் தண்டவாளங்கள் மலிவு விலைக்கு வந்தன. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர்கள் அவற்றை வாங்கி வயல்களுக்குள் போட்டார்கள். நாக்டன் என்ற பெரிய பண்ணையில் அப்படி ஒரு விரிவான வலைப்பின்னலே இருந்தது. விதைக்கிழங்கும் உரமும் உள்ளே போயின, விளைச்சல் வெளியே வந்தது. வேளாண் ரயில் பற்றி ஹேவுட் சொன்னது பலித்தது. அவருடைய அளவில், அவருடைய கையால் மட்டும் பலிக்கவில்லை. பின்னாளில் டிராக்டரும் கெட்டியான பண்ணைச் சாலையும் வந்தபோது அந்தத் தண்டவாளங்களும் தேவையற்றுப் போயின.

நம் எல்லையோரத்திலும் ஒரு தோட்ட ரயில் இருந்தது. மூணாறு தேயிலையை இறக்குவதற்காக 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை மாற்றி, 2 அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடம் வழியே தேனிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அது மீண்டும் போடப்படவே இல்லை.

சிறு தோட்டத்தில் இன்றைக்கு

இன்றும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் விடுகிறவர்கள் ஏராளம். 1968-இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் லேமான் என்ற பொம்மை நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெயில் மழை தாங்கும் ரயில்களை விற்கத் தொடங்கிய பிறகு இந்தப் பழக்கம் வெகுவாகப் பெருகியது. அதில் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் ரயிலை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. நம் ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ்தான் என்பதால், அதே விகிதத்தில் சுருக்கினால் அதுவும் இந்தத் தண்டவாளத்தில் உட்காரும். மிகக் குறுகிய வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். அதாவது சிறிய முற்றத்துக்குள்ளும் ஒரு சுற்று அடங்கும்.

இது வீட்டுக்குள் விடும் ரயில் போன்றதில்லை. தோட்டத்து ரயிலுக்கு முதல் எதிரி தண்ணீர். அதனால் அனுபவமுள்ளவர்கள் தண்டவாளத்தை வாங்குவதற்கு முன்பே ஒரு மழை நாளில் தோட்டத்தில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். பாதை போகும் இடத்தில் மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி, உடைத்த கல்லைப் போட்டு இடித்து, அதன் மேல் பொடிஜல்லி பரப்பி, தண்டவாளத்தை அதன் மேல் உட்கார வைக்கிறார்கள். மழைநீர் ஜல்லி வழியே இறங்கிவிடும், பாதை அசையாது. கூழாங்கல் உருளும், உடைத்த ஜல்லிதான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

ஏற்றம் 100 சென்டிமீட்டருக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எஞ்சின் சிரமப்படாது. வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. தண்டவாள இணைப்புகளில் சிறு இடைவெளி விட வேண்டும். 10 மீட்டர் நீளப் பித்தளைத் தண்டவாளம், குளிருக்கும் வெயிலுக்கும் 40 டிகிரி வேறுபாடு இருந்தால் 7 முதல் 8 மில்லிமீட்டர் நீளும். இடம் விடாவிட்டால் பாதை பாம்பு போல் நெளிந்துவிடும்.

பிறகு செடிகள். பாதையோரத்தில் தைம் போன்ற தரைபடர் மூலிகைகளையும், வெட்டி வெட்டிக் குட்டையாக வளர்க்கும் சிறு இலைச் செடிகளையும் வைக்கிறார்கள். ரயிலின் உயரத்துக்கு அவை காடு போலத் தெரியும். வேர் பரப்பும் மரத்தின் அருகில் பாதை போட்டால் சில ஆண்டுகளில் வேர் பாதையைத் தூக்கிவிடும். இலையுதிர் காலத்தில் தினமும் பெருக்க வேண்டும். மழைக்கால இரவில் நத்தை தண்டவாளத்தில் ஊர்ந்து போனால், மறுநாள் எஞ்சின் அந்த வழுவழுப்பில் சக்கரம் சுழற்றிக்கொண்டு நிற்கும். தண்டவாளம் வழியே மின்சாரம் பாய்ச்சும் முறையில் அழுக்கு படிந்தாலே ஓட்டம் நின்றுவிடுவதால், பலர் எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

இந்த வேலைகளில் பாதி, விவசாயிக்குப் பழகிய வேலைகள். நீரோட்டம் பார்ப்பது, மட்டம் பிடிப்பது, கரை அணைப்பது, களை எடுப்பது, வேரைக் கணிப்பது. ரயிலைத் தெரிந்தவரைவிட மண்ணைத் தெரிந்தவரே இதில் சீக்கிரம் தேறுவார்.

பாத்தியில் பார்த்தது வீண் போகாது

ஹேவுட்டின் கதை தோல்வியில் முடியவில்லை. இங்கிலாந்தின் வடமேற்கில் ரேவன்கிளாஸ் – எஸ்க்டேல் என்று ஒரு ரயில்பாதை உண்டு. இரும்புத் தாது ஏற்றுவதற்காக 3 அடி அகலத்தில் போடப்பட்டு நட்டத்தில் மூடிக் கிடந்தது. 1915 முதல் அதை 15 அங்குலத்துக்கு மாற்றி மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். ஹேவுட் இறந்த பிறகு டஃபீல்ட் தோட்டத்து எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. மியூரியல் எஞ்சினின் அடிச்சட்டத்தையும் சக்கர அமைப்பையும் வைத்துக்கொண்டு, மேலே புதுக் கொதிகலன் ஏற்றி, 1927-இல் ரிவர் இர்ட் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். அது இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

சரிவில் ஏறுமா, வளைவில் திரும்புமா என்று ஒரு வீட்டுத் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துத் திருத்திய சக்கரங்கள் நூறாண்டு கடந்தும் தேயாமல் உழைக்கின்றன. திருத்தம் வீண் போகவில்லை. யாருக்காக என்பதுதான் மாறிப்போனது. புதிதாக ஒன்றைச் சொந்த நிலத்தின் ஒரு மூலையில் முயன்று பார்க்கிற விவசாயி, ஹேவுட்டிடம் பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம். அதை ஊருக்குச் சொல்லப் புறப்படும்போது மட்டும் டெக்கோவிலின் கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பக்கத்து வயல்காரர் இதைத் தன் வீட்டு ஆட்களோடு, தன் கைச்செலவில், நாளைக்கே தூக்கிப் போட முடியுமா?